பஞ்சவர்ணம் அக்காவோடு ஓடிய கண்மாய்க்கரை

செய்தி வந்தபோது நான் கவுன்ட்டரில் இருந்தேன். கண்ணாடிக்கு அப்புறம் நின்ற பெரியவர் தன் மின் இணைப்பு எண்ணை மறந்துவிட்டுச் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தார். மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. தேன்மொழி. பஞ்சவர்ணம் அக்காவின் மகள்.

"சித்தி, அம்மா போயிட்டாக."

இருவரும் போனை வைக்கவில்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது. "நம்பரு கிடைச்சிருச்சும்மா" என்றார் பெரியவர். அவருக்கு ரசீது போட்டுக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். புதிதாக மாற்றலாகி வந்த பெண் அதில் உட்கார்ந்திருந்தாள். "என்ன மேடம் ஆச்சு?" என்று எழுந்தாள். அது அக்காவின் நாற்காலி என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அக்காவைத் தெரிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். அருப்புக்கோட்டையில் எங்கள் அலுவலகத்துக்கு மின்கட்டணம் கட்ட வந்தவர்களுக்கு அவர், எவ்வளவு கூட்டம் இருந்தாலும் சிடுசிடுக்காத அம்மா. பாளையம்பட்டியில் காலை பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு 'ஓடுற அம்மா'. எனக்கு அவர் யாராக இருந்தார் என்று சொல்ல, ஒரு மாடிப்படியிலிருந்து தொடங்க வேண்டும்.

கட்டடத்தில் வேலை நடந்ததால் தரைத்தளத்தில் இருந்த எங்கள் பிரிவை மாடிக்கு மாற்றினார்கள். மாறிய முதல் நாள், ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் மறு கையில் கைப்பிடியுமாக ஏறிய அக்கா, பாதிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஏறிய நானும் நின்றேன். தனக்காக நிற்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். உண்மையில் எனக்கும் மூச்சு வாங்கியது.

"நான் ஓட்டத்துல கப்பு வாங்குனவ, தெரியுமா?" என்றார். "திருச்சுழியில எல்லாப் பள்ளிக்கூடமும் சேர்ந்து ஓடுனப்ப வெறுங்காலோட ஓடி மொதல்ல வந்தேன். அந்தக் காலுதான் இது. பாரு, படிக்கட்டைப் பாத்து அழுகுது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இல்ல விஜயா. எனக்குக் கோவம் வருது."

அவருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. எனக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. கல்யாணம், பிள்ளைகள், நாள் முழுவதும் நாற்காலி, சாயங்காலம் டீயோடு வடை. இருவருடைய கதையும் ஒன்றுதான். அவருக்குச் சர்க்கரை வந்திருந்தது. எனக்குக் கர்ப்பப்பை எடுத்த பிறகு உடம்பு கனத்துக்கொண்டே போனது. கோயிலுக்குப் போனால் படியேறப் பயந்து வாசலிலிருந்தே சாமி கும்பிட்டுவிட்டு வருவேன். மகள் கல்யாண ஆல்பத்தை யாராவது கேட்டால், நான் இருக்கிற பக்கங்களை வேகமாகத் திருப்பிவிடுவேன். வயதானால் இப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லி முடித்திருந்தேன். அக்காவுக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போது போன் வந்தது.

"கெளம்பிப் பாளையம்பட்டிக்கு வா."

"எதுக்குக்கா?"

"ஓட."

"நானா?"

"தனியா ஓடுனா நாயி தொரத்தும். ரெண்டு பேரா ஓடுனா அது கொஞ்சம் யோசிக்கும்ல."

ஸ்கூட்டரில் போனேன். அவர் வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் கண்மாய்க்கரை. மழை ஏமாற்றிய வருடம். கண்மாய்க்குள் தண்ணீர் இல்லை, சீமைக்கருவேலம்தான் நின்றது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகி, ரப்பர் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். ஓடத் தொடங்கினோம். முதல் வளைவு வருவதற்குள் என் கண்ணில் பூச்சி பறந்தது. அவர் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றார். அந்தப் பக்கம் ஆடு பத்திக்கொண்டு வந்த ஒரு அம்மா, "என்னத்தா, எதையும் தொலைச்சுட்டீகளா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"ஆமாத்தா, ஒடம்பைத் தொலைச்சுட்டோம்" என்றார் அக்கா. "இங்கிட்டு எங்கயும் பாத்தியா?"

அன்றைக்கு ஓடியதைவிடச் சிரித்ததுதான் அதிகம். திரும்பி நடக்கும்போது அவர் ஒரு விதி போட்டார். பேச முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டும். பேச்சு நின்றால் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். "நமக்கு யாரையும் முந்துற வேலை இல்ல. பேச முடியுற வேகந்தான் நம்ம வேகம்" என்றார். பிறகு ஒரு மருத்துவரிடம் இதைச் சொன்னபோது, அவரும் அதையே சொன்னார். ஆனால் அக்கா அந்த விதியைப் போட்டது மருத்துவக் காரணத்துக்காக அல்ல. அவரால் பேசாமல் இருக்க முடியாது.

முதல் சில வாரங்கள் எங்களுக்குப் பின்னால் ஒரு மொபெட் மெதுவாக உருண்டுகொண்டு வந்தது. அதில் அக்காவின் கணவர் மாரியப்பன் அண்ணன். தூத்துக்குடிக்கு லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு பந்தல்குடி ரோட்டில் வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். அதிகம் பேச மாட்டார். நாய்க்குப் பயந்து வருகிறாரா, ஊருக்குப் பயந்து வருகிறாரா என்று அவரும் சொல்லவில்லை. ஒருநாள் அக்கா நின்று திரும்பினார்.

"நீங்க எங்க கூட ஓட வாரீகளா, இல்ல காவலுக்கு வாரீகளா?"

"சும்மா வாரேன்."

"சும்மா வாரவுக எறங்கி நடந்து வாங்க. ஒங்களுக்கும் சர்க்கரை இருக்குல்ல."

மறுநாளிலிருந்து மொபெட் வரவில்லை. அண்ணன் கரையின் தொடக்கத்தில் வேப்பமரத்தடி வரை நடந்து வந்து, நாங்கள் திரும்பும் வரை அங்கேயே நிற்பார். அதுவும் ஒருவகையில் உடற்பயிற்சிதான் என்று அக்கா ஏற்றுக்கொண்டார்.

ஷூ வாங்கப் போனது இன்னொரு கதை. கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "பையனுக்கு எந்த அளவும்மா?" என்றார். "பையன் இல்ல, எனக்குத்தான்" என்று அக்கா காலை நீட்டினார். கடைக்காரர் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார். பெண்களுக்கானதில் அவர் அளவு இல்லை. ஆண்கள் ஷூவில் நீலப் பட்டை போட்ட ஒன்று பொருந்தியது. போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்து பார்த்தார். பிறகு கண்ணாடி முன்னால் நின்று, சேலையைக் கொஞ்சம் தூக்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் ஷூ என்று வெளியே வந்த பிறகுதான் சொன்னார். சுடிதார் தைத்ததும் அந்த மாதம்தான். முதல் நாள் போட்டுக்கொண்டு வந்தவர் துப்பட்டாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலைப்பாகை மாதிரி கட்டிக்கொண்டார். தெருவே பார்த்தது. "பாக்கட்டும். ரெண்டு நாளைக்குப் பாப்பாக. மூணாவது நாளு அவுக அவுக வேலையப் பாக்கப் போயிருவாக" என்றார். அப்படித்தான் நடந்தது.

நான் நடுவில் ஒருமுறை விட்டுவிட்டேன். குதிகால் வலி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் முள்ளில் மிதித்த மாதிரி இருந்தது. இதெல்லாம் நமக்குச் சரிவராது என்று போனை எடுக்காமல் படுத்துவிட்டேன். இரண்டு மூன்று நாள் பார்த்தார். பிறகு வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் இரண்டு பெரிய கூல்டிரிங்ஸ் பாட்டில்கள். உள்ளே மணல்.

"காலுதான வலிக்குது? கையி சும்மாத்தான இருக்கு? தூக்கு."

என் கணவர் பேப்பரைத் தாழ்த்தி வேடிக்கை பார்த்தார். கூடத்தில் நின்று மணல் பாட்டிலைத் தூக்கி இறக்கினேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். சுவரில் கை ஊன்றித் தள்ளினேன். அக்கா ஒவ்வொன்றையும் முதலில் தான் செய்து காட்டி, பாதியில் முக்கி முனகி, "ஏ யப்பா, இதைக் கண்டுபிடிச்சவன் நல்லா இருப்பானா" என்று திட்டிவிட்டு மறுபடி செய்வார். போகும்போது சொன்னார்: "வலி சொல்றதக் கேளு விஜயா. சோம்பல் சொல்றதக் கேக்காத. ரெண்டும் ஒரே கொரல்லதான் பேசும். கொஞ்சம் கவனிச்சா வித்தியாசம் தெரியும்." குதிகால் ஆறும் வரை தினமும் வந்தார். ஆறிய பிறகும் அந்தப் பயிற்சிகளை விடவில்லை. வாரத்தில் பாதி நாள் ஓட்டம், பாதி நாள் பாட்டில் என்று ஆனது.

உடம்பு சட்டென்று மாறவில்லை. மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. பிறகு ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன், பிடித்தேன், உட்கார்ந்த பிறகுதான் ஓடியதே எனக்கு உறைத்தது. அக்காவுக்குச் சர்க்கரை மாத்திரையைக் குறைத்தார்கள். மாடிப்படியில் அவர் என்னை முந்திக்கொண்டு ஏறி, மேலே நின்று, "என்ன மேடம், லிஃப்ட்டு வச்சுத் தரவா?" என்பார்.

இனி சொல்லப்போவதை அவர் இருந்திருந்தால் எழுத வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் எழுதுகிறேன்.

நான் பிறந்த ஊர் திருச்சுழிப் பக்கம். பெயர் வேண்டாம். மிளகாயும் பருத்தியும் விளைகிற கரிசல் ஊர். எங்கள் குடும்பத்துக்கு அங்கே நிலம் உண்டு. அக்காவின் அம்மா சீனியம்மாளும் அதே ஊர்தான், கிழக்குத் தெரு. எங்கள் காட்டுக்குக் களையெடுக்க வந்தவர். இது எங்கள் இருவருக்கும் முதலிலிருந்தே தெரியும். அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டிய தேவை வந்ததில்லை.

ஒரு பொங்கலுக்கு, வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் ஓட்டப்பந்தயம் ஒன்று ஏற்பாடு செய்தார்கள். ஊர் பஸ் நிறுத்தத்தில் தொடங்கி, ஊருக்குள் புகுந்து, மெயின்ரோடு வரை போய்த் திரும்ப வேண்டும். பெண்களுக்கும் தனியாக உண்டு. நான் கண்மாய்க்கரையில் ஓடிக்கொண்டே இதைச் சொன்னேன்.

"ஒங்க தெரு வழியாவா?"

"ஆமாக்கா."

"எங்கம்மா ஒங்க தெரு மொனை வந்ததும் செருப்பைக் கழத்திக் கையில எடுத்துக்கிருவா. தெரு தாண்டுன பெறகுதான் போடுவா. நான் சின்னப்புள்ளையில அவ சேலையப் புடிச்சுக்கிட்டே வருவேன். நான் கழத்துனது இல்ல. எனக்குத்தான் செருப்பே கிடையாதே!"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை. எங்கள் வாசலைத் தாண்டிப் போன எத்தனையோ கால்களை நான் பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்த நினைவில்லை. வேப்பமரத்தடியில் நின்றபோது, "பேரு குடுத்துரு. ரெண்டு பேருக்கும்" என்றார்.

இப்போது அந்த வழக்கம் இல்லை. பைக்கில் எல்லாரும் எல்லாத் தெருவிலும் போகிறார்கள். ஆனாலும் பந்தயத்துக்கு முந்தின நாள் நான் ஊருக்குப் போனபோது பெரியப்பா கூப்பிட்டார்.

"ஏத்தா விஜயா, ஒங்கூட ஓட வாரது நம்ம கெழக்குத் தெரு சீனியம்மா மகதான?"

"ஆமா பெரியப்பா."

"ஓடட்டும், நான் வேணாங்கல. பொம்பளப்புள்ளைக ஓட்டத்தை மட்டும் கண்மாய்ப் பக்கமாத் திருப்பிவிட்டா என்னன்னு பயலுககிட்டச் சொன்னேன். தெருவுல ஆடு மாடு நிக்கும், கல்லு கெடக்கும்..."

"ஆம்பளைக ஓடுறப்ப மட்டும் கல்லு கெடக்காதா பெரியப்பா?"

அந்த வீட்டில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. "நாங்க தெரு வழியாத்தான் ஓடுவோம். நீங்க வாசல்ல ஒக்காந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பையன்களும் வழியை மாற்றவில்லை.

தைப் பனி விலகாத காலை. ஓடிய பெண்களில் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். விசில் அடித்ததுமே அவர்கள் காணாமல் போய்விட்டார்கள். நாங்கள் எங்கள் வேகத்தில் ஓடினோம். எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். பெரியப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டு முன்னால் வந்ததும் அக்கா நின்றார். நடுத்தெருவில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். ஷூ லேஸை அவிழ்த்தார். நிதானமாக இழுத்து, மறுபடி கட்டினார். பிறகு அடுத்த காலை முன்னால் வைத்து, அதையும் அவிழ்த்துக் கட்டினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"அவுந்துருச்சாக்கா?"

"இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு."

எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பெரியப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். அந்த நேரத்தில் கதவோரம் நின்றிருந்த என் பெரியம்மா திடீரென்று சத்தம் போட்டார்: "ஏய் விஜயா, என்னத்த நின்னுக்கிட்டு இருக்கீக ரெண்டு பேரும்? வெரசா ஓடுங்க, பின்னாடி வாரவுக முந்திறப் போறாக!"

எங்களுக்குப் பின்னால் யாருமே இல்லை. நாங்கள்தான் கடைசி. அக்கா சிரித்துக்கொண்டே ஓடத் தொடங்கினார்.

பஸ் நிறுத்தத்தில் சீனியம்மாள் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். மகள் மூச்சு வாங்க வந்து நின்றதும் கேட்டார்:

"அந்தத் தெரு வழியாவா வந்த? செருப்போடயா?"

"செருப்பு இல்லம்மா, ஷூவு."

அந்த அம்மா குனிந்து பார்த்தார். "அது செருப்பைவிடப் பெருசால்ல இருக்கு" என்றார். அப்புறம் வெகுநேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் மழைக்காலம் தொடங்கும்போது அக்கா மெலிய ஆரம்பித்தார். அலுவலகத்தில் எல்லாரும் பாராட்டினார்கள். அவருக்கும் முதலில் பெருமைதான். சுடிதாரைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தார். பிறகு ஒருநாள் கரையில் வழக்கமான வேகத்தில் ஓடும்போது, பாதி வாக்கியத்தில் நின்றார்.

"நான் கொறைக்காமயே இது கொறையுது விஜயா" என்றார்.

நான் கவனித்திருந்தேன். சில நாட்களாகவே அவரால் ஓடிக்கொண்டு பேச முடியவில்லை. மறுநாளே மதுரைக்குப் போனோம். வயிற்றில் புற்றுநோய் என்றார்கள்.

சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்பதை நீங்கள் ஊகிக்கலாம். வயசு போன காலத்தில் ஓடி ஓடித்தான் உடம்பைக் கெடுத்துக்கொண்டாள் என்றார்கள். மாரியப்பன் அண்ணனுக்கு அது உறுத்தியது. மருத்துவரிடமே கேட்டுவிட்டார்: "ஓடுனதுனாலயா சார் வந்துச்சு?"

"ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லைங்க" என்றார் மருத்துவர்.

கட்டிலில் இருந்த அக்கா, "அப்ப ஓடுனது வராம தடுக்கவும் இல்ல, இல்லையா டாக்டர்?" என்று கேட்டார். அவர் கொஞ்சம் தயங்கி, சிகிச்சையைத் தாங்குகிற தெம்பு உடம்பில் இருக்கிறது, அது ஓடியதால் வந்ததுதான் என்றார். அவர் போன பிறகு அக்கா என்னிடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "நோவு வரக்கூடாதுன்னு மட்டுமா ஓடுனேன்? மொதல்ல அதுக்குத்தான் ஓடுனேன். பெறகு புடிச்சுப் போச்சு, ஓடுனேன். அதுல ஒண்ணும் நட்டம் இல்ல."

மருந்து ஏற்றிய நாட்களில்கூட அவரைக் கட்டிலில் வைத்திருக்க முடியவில்லை. குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் நடப்பார். வராந்தாவில் பாய் விரித்து, நோயாளிகளுக்குத் துணையாகக் கிடந்த பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வாரக்கணக்கில் தூங்காத முகங்கள். ஒருநாள் காலையில் நான் போனபோது அவர்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து, கையைத் தூக்கு, கழுத்தைத் திருப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலையில் முடி இல்லை. துப்பட்டாவைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்தார். "அவுகளைப் பாக்குறதுக்கு நீங்க நல்லா இருக்க வேண்டாமா? ஏ பரமக்குடி, நல்லா நிமிந்து நில்லு" என்று ஒரு பெண்ணை அதட்டினார். பெயர் தெரியாததால் எல்லாரையும் ஊர் பெயரால் கூப்பிட்டார். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். செவிலியர் ஒருவர் வந்து சத்தம் போட வாயெடுத்து, பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசி மாதங்களில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இனி மதுரைக்கு வர வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதன் அர்த்தம் அக்காவுக்கும் தெரியும். நான் ஓடுவதை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் இருக்கலாம் என்று நினைத்தேன். அவர் விடவில்லை.

"நீ ஓடிட்டு வா. வந்து என்ன பாத்தன்னு சொல்லு."

அப்படியே செய்தேன். காலையில் கரையில் ஓடிவிட்டு, வேர்வையோடு அவர் கட்டில் பக்கத்தில் போய் உட்காருவேன். கண்மாய்க்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னேன். எதுவரைக்கும் என்று கேட்டார். மடை முங்கவில்லை, கருவேல மரங்களின் பாதி வரைக்கும் நிற்கிறது என்றேன். மறுகரையில் சோளம் விதைத்திருக்கிறார்கள், மயில் வந்து கிளறுகிறது என்றேன். "அந்த மேட்டுல மூச்சு வாங்குச்சா?" என்பார். வாங்கியது என்றால், "நாளைக்கு அங்கன மெதுவாப் போ" என்பார். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். ஒருநாள் தூங்கிவிட்டார் என்று நினைத்துப் பேச்சை நிறுத்தினேன். "ம், சொல்லு. இப்பத்தான் மேடு ஏறியிருக்கோம்" என்றார். கடைசியாக நான் அவர் குரலைக் கேட்டது அதற்கு அடுத்த சில நாட்களில்தான். என்ன சொன்னார் என்பது பெரிய விஷயம் இல்லை. தேன்மொழியிடம், சித்திக்கு டீ போட்டுக் கொடு, சீனி வேண்டாம் என்றார்.

சாவு வீட்டில் தூரத்து உறவினர் ஒருவர் மறுபடி அந்தப் பேச்சை எடுத்தார். பந்தலுக்குள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பொம்பளை இந்த வயதில் ரோட்டில் ஓடியது உடம்புக்கு ஆகவில்லை என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாரியப்பன் அண்ணன் எழுந்தார். அவர் நாலு பேர் முன்னால் பேசி நான் பார்த்ததில்லை.

"மாமா, எனக்குக் கழுத்த நீட்டுன நாள்ல இருந்து அவ எங்களுக்காகத்தான் ஓடுனா. கடைசி அஞ்சாறு வருசந்தான் அவளுக்காக ஓடுனா. அந்த நேரத்துல அவ மொகம் எப்படி இருக்கும்னு மரத்தடியில நின்னு பாத்தவன் நான். அதுல மட்டும் குத்தம் சொல்லாதீக."

சொல்லிவிட்டு உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போதும் காலையில் ஓடுகிறேன். தனியாகத்தான். நாய்களுக்கு நான் பழகிவிட்டேன். போன வாரம் ஓடி முடித்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் இல்லாத வீட்டில் சில நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று சீனியம்மாள் வந்திருக்கிறார். சமையற்கட்டு ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தவர் எழ முயன்று, சுவரைப் பிடித்து, முடியாமல் மறுபடி சரிந்தார். நான் ஓடிப்போய்க் குந்தி உட்கார்ந்து, அவருடைய கக்கத்தில் இரண்டு கைகளையும் கொடுத்து, என் மார்போடு சேர்த்துத் தூக்கி நிறுத்தினேன். ஒரு முனகல் இல்லாமல், ஒரு இடத்திலும் பிடி நழுவாமல் அது முடிந்தது. அந்த அம்மா என் தோளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"அவளும் இப்பிடித்தான் தூக்குவா தாயி" என்றார்.

பஞ்சவர்ணம் அக்காவிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று யாராவது கேட்டால், இந்தத் தெம்பைச் சொல்வேன். ஒரு காலத்தில் இது எனக்கு இல்லை. அவர் கொடுத்துவிட்டுப் போனார்.